நடிகருக்குத் தரகர் யார்?

காந்திபுரத்திலிருந்து இரவில் சென்னைக்குப் புறப்படும் பஸ்களுக்குக் குறைவே இல்லை. உத்தியோகத்துக்குப் போகிறவர்கள், வியாபாரத்துக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவற்றில் ஏறுகிறார்கள். அவர்களுக்கு நடுவே சினிமாவில் நடிக்கப் போகிற இளைஞரோ யுவதியோ ஒருவர் இருந்தால் ஆச்சரியமில்லை. அவரை நம்பி அழைத்திருப்பவர் பெரும்பாலும் ஓர் 'ஏஜெண்டு'. அந்த ஏஜெண்டு செய்ய வேண்டிய காரியம் என்ன, செய்யக் கூடாத காரியம் என்ன என்பதைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம் என்று கருதுகிறோம்.

ஒரு காலத்தில் நடிக்க விரும்பியவர்கள் கோயமுத்தூரை விட்டுப் போகவில்லை. கோயமுத்தூரைத் தேடி வந்தார்கள்! சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். 1930-களில் சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. பின்னர் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ வந்தது. 1954-ல் வெளியான 'மலைக்கள்ளன்' அதன் படந்தான்.

அந்நாளைய நடிகர்களில் பலருக்கு ஏஜெண்டு என்று ஒருவர் இருந்ததில்லை. நாடகக் கம்பெனியே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அதுவே சிபாரிசுக் கடிதம். எம். ஜி. ராமச்சந்திரன் சிறு பிராயத்திலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். 1936-ல் 'சதி லீலாவதி'யில் சிறு வேஷத்தில் தோன்றினார். 1946-ல் ஜுபிடர் கம்பெனியாரின் 'ஸ்ரீ முருக'னில் சிவபெருமானாக நடித்தார். அவருடைய வேலையைக் கண்ணால் கண்ட அந்தக் கம்பெனியார்தாம் மறு வருஷம் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த 'ராஜகுமாரி'யில் அவரைக் கதாநாயகனாக்கினார்கள். முதல் படத்துக்கும் இதற்கும் இடையே பதினொரு வருஷங்கள்! கொங்கு நாட்டின் பிற்கால நடிகர்களும் ஏதேனும் ஒரு வேலையைக் கையில் பிடித்துக்கொண்டே போனார்கள். சிவகுமார் சென்னை சென்றது சித்திரம் பயில. பாக்யராஜ் முதலில் பாரதிராஜாவிடம் உதவி டைரக்டர்.

இன்று நாடகக் கம்பெனிகளும் இல்லை. மாதச் சம்பளம் கொடுக்கும் ஸ்டூடியோக்களும் இல்லை. ஆகையால் நடுவே ஒருவர் தேவைப்படுவது உண்மையே. எந்தப் படத்துக்கு எத்தகைய முகம் வேண்டும் என்று விசாரித்து அறிவது, நடிகரின் புகைப்படத்தையும் நடிப்புப் பதிவையும் உரியவரிடம் சேர்ப்பது, சம்பளம் பேசுவது, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது — இவை நல்ல ஏஜெண்டின் கடமைகள். கூட்டக் காட்சிகளுக்குத் துணை நடிகர்களைத் திரட்டிக் கொடுக்கும் ஏஜெண்டு வேறு, இவர் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

இவருக்கு ஊதியம் எப்படி? பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசும் தரகரைக் கேளுங்கள். மாடு கைமாறினால்தான் தரகு. ஹாலிவுட்டிலும் இதே நியாயந்தான். அங்கே ஏஜெண்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது நடிகரின் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து. கலிபோர்னியா ராஜ்யத்தில் அவர் அரசாங்க லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். சந்தர்ப்பம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வசூலிப்பதை அங்கே 2009-ல் இயற்றிய சட்டம் குற்றமாக்கிவிட்டது.

ஆகவே, பதிவுக் கட்டணம் என்றும், பயிற்சிக் கட்டணம் என்றும், 'நாங்கள் சொல்லும் இடத்தில்தான் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்' என்றும் முதலிலேயே பணம் கேட்கிறவர் நடிகரைக் கொண்டு சம்பாதிக்க வந்தவரல்லர். நடிகரிடமிருந்தே சம்பாதிக்க வந்தவர். இதுவரை எந்தப் படங்களில் யாருக்கு வேஷம் வாங்கித் தந்தார் என்று கேளுங்கள். அந்த நடிகர்களிடமே விசாரியுங்கள். பங்கு எவ்வளவு, எத்தனை காலம், பிடிக்காவிட்டால் விலகுவது எப்படி என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பெண் மக்களைப் பெற்றவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. கேரள சர்க்கார் 2017-ல் நியமித்த நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. சந்தர்ப்பம் வேண்டுமானால் தகாத கோரிக்கைக்கு இணங்க வேண்டும் என்று பெண்களிடம் கேட்கப்பட்ட கொடுமையை அது பதிவு செய்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு, "நடிப்பே வேண்டாம்" என்று மகளை வீட்டில் உட்கார வைப்பது நியாயமாகாது. குற்றம் அவளுடையதல்லவே! சந்திப்பு பகலில், அலுவலகத்தில் நடக்கட்டும். வீட்டார் ஒருவர் துணைக்குப் போகட்டும். ஏதேனும் தவறு நேர்ந்தால் வீட்டில் வந்து சொல்லும் தைரியம் அவளுக்கு இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் பெண்களைக் காப்பதற்கென்று 2013-ல் இயற்றிய சட்டமும் இருக்கிறது.

பஸ் ஏறுவதற்கு முன் உள்ளூரிலேயே ஒரு நாடகத்திலோ குறும்படத்திலோ நடித்துப் பார்க்கட்டும். வேலை தெரிந்தவரைத் தேடி ஏஜெண்டு வருவார். தெரியாதவரைத் தேடியும் ஒருவர் வருவார். அவர் கையில் ரசீதுப் புத்தகம் இருக்கும்.