மூளைக்குச் செல்லும் நாடி ஒடுங்கினால் இதயத்தையும் பரிசோதிப்பது ஏன்?

மாணவர்களே, பாரிசவாதம் மூளையைத் தாக்குவது, மாரடைப்பு இதயத்தைத் தாக்குவது என இரண்டையும் தனித்தனியே மனனம் செய்கிறீர்கள். உறுப்புகள் வேறாயினும் இரண்டுக்கும் பெரும்பாலும் அடிப்படையாக அமைவது ஒரே மாற்றமே.

1. நாடி ஒடுங்குதல்

நாடிச் சுவரின் உட்படை சேதமடைந்த இடங்களில் கொலஸ்திரோல் முதலிய கொழுப்புப் பொருட்கள் படிகின்றன. இது பல ஆண்டுகளாக வலியின்றி நிகழும். உள்விட்டம் அரைவாசியானால் குருதி செல்லும் குறுக்குவெட்டுப் பரப்பு கால்வாசியாகிவிடும். படிவு வெடித்தால் அவ்விடத்தில் குருதி உறைந்து நாடியை முற்றாக அடைக்கலாம்.

2. இடமும் விளைவும்

(அ) முடியுரு நாடிகள்: இவை தொகுதிப் பெருநாடியின் அடியிலிருந்து கிளைத்து இதயத் தசைக்குக் குருதி வழங்குகின்றன. ஒடுங்கினால் நெஞ்சுவலியும் அடைபட்டால் மாரடைப்பும் ஏற்படும்.

(ஆ) மூளைக்குச் செல்லும் நாடிகள்: மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2% மாத்திரமே. ஆனால், ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20% அதற்கே தேவை. எனவே நாடி அடைபட்டால் சில நிமிடங்களிலேயே மூளைக் கலங்கள் இறக்கத் தொடங்கும். இது பாரிசவாதமாகும். (குருதிக்கலன் வெடிப்பதாலும் பாரிசவாதம் ஏற்படலாம்.)

3. இரண்டுக்குமான தொடர்பு

எல்லா நாடிகளிலும் ஓடுவது ஒரே குருதியே. உயர் குருதியமுக்கம், புகைத்தல், நீரிழிவு, மிகை கொலஸ்திரோல் ஆகியன உடலெங்கும் உள்ள நாடிகளைப் பாதிக்கின்றன. ஆகவே கழுத்திலோ மூளையிலோ நாடி ஒடுங்கியவருக்கு முடியுரு நாடியும் ஒடுங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். பாரிசவாதத்திலிருந்து தப்பியவர் பின்னர் மாரடைப்பால் இறக்க நேர்வதும் இதனாலேயே.

கவனிக்க: மூளை நாடி ஒடுங்குவதால் முடியுரு நாடி ஒடுங்குகிறது என எழுதுவது பிழை. ஒன்று மற்றதற்குக் காரணமன்று. இரண்டுக்கும் காரணம் பொதுவானது.

4. ஆய்வுச் சான்று

ஐக்கிய அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948 இல் 5,209 பேருடன் ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. உயர் குருதியமுக்கமும் புகைத்தலும் இதய நோய், பாரிசவாதம் ஆகிய இரண்டின் ஆபத்தையும் கூட்டுவதை அது எடுத்துக்காட்டியது.

5. வீட்டில் கவனிக்க வேண்டியவை

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை திடீரெனப் பலமிழத்தல், பேச்சுக் குளறுதல் என்பன பாரிசவாதத்தின் அறிகுறிகள். சில நிமிடங்களில் இவை தாமாகவே மாறிவிடவும் கூடும். அம்மப்பாவுக்கு அவ்வாறு நேர்ந்தால் “களைப்பு, படுத்தெழும்பினால் சரி” என விட்டுவிடாதீர்கள். அது வரப்போகும் பெரிய தாக்கத்தின் முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். உடனடியாக 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியுலன்ஸ் மூலம் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாதிரி வினா

பாரிசவாத நோயாளியின் இதயத்தையும் வைத்தியர் பரிசோதிப்பதற்கான காரணத்தை விளக்குக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: நாடிச் சுவரில் கொழுப்புப் படிதல் (1), அது உடலின் பல நாடிகளில் நிகழக்கூடியது (1), ஆபத்துக் காரணிகள் பொதுவானவை (1), எனவே முடியுரு நாடியும் ஒடுங்கியிருக்கலாம் (1).