எக்ஸ்ரேயில் ஒரு நிழல்

"இன்னொரு டாக்டர்கிட்ட காட்டினா இவர் என்ன நினைச்சுக்குவாரோ?" குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும், வருடக்கணக்காக ஒரே கிளினிக்குக்குப் போகிற வீடுகளில் இந்தத் தயக்கத்தை அடிக்கடி கேட்கலாம். அந்த மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு உயிர் சம்பந்தப்பட்ட முடிவுக்கு அது குறுக்கே நிற்கக் கூடாது.

நுரையீரலையே எடுத்துக்கொள்வோம். நாள்பட்ட இருமல், உடம்பு இளைப்பு, எக்ஸ்ரேயில் ஒரு நிழல். நம் நாட்டில் காசநோய் அதிகம். அதனால் மருத்துவர் மனதில் முதலில் வருவது டி.பி.தான். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நுரையீரல் புற்றுநோயும் இதே மாதிரி நிழலைக் காட்டும். சளியில் கிருமி உறுதிப்படாமல், படத்தை மட்டும் நம்பி டி.பி. மாத்திரை கொடுத்து, மாதங்கள் போன பிறகு புற்றுநோய் என்று தெரியவந்த நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. புற்றுநோயோ என்று நடுங்கியவருக்கு வெறும் டி.பி.யாக இருந்து, ஆறு மாத மாத்திரையில் குணமாவதும் உண்டு.

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள தாம்பரத்துக்காரர்கள் எங்கேயும் அலைய வேண்டாம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் 12 படுக்கைகளோடு தொடங்கி, 1937-ல் அரசு ஏற்றுக்கொண்ட நெஞ்சக நோய் மருத்துவமனை தாம்பரம் சானடோரியம் பகுதியில்தான் இருக்கிறது. நெஞ்சு நோயைப் பார்த்தே பழகிய மருத்துவர்கள் அங்கே உண்டு.

அந்த நாளில் டி.பி. என்றால் சானடோரியம் எனும் காசநோய் விடுதியில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, சத்தான சாப்பாடு என்பதே மருத்துவ உலகின் முடிவாக இருந்தது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு அந்த முடிவையே சோதித்துப் பார்த்தது. சென்னையின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டில், மீதிப் பேருக்கு சானடோரியத்தில், அதே மருந்துகள். குடிசையில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு, டி.பி. வைத்தியத்தை உலகெங்கும் வீட்டுக்குக் கொண்டுபோக வழி செய்தது. மருத்துவர்களே தங்கள் முடிவை இப்படிச் சரிபார்க்கும்போது, நோயாளி சரிபார்ப்பது எப்படி அவமரியாதை ஆகும்?

சட்டமும் உங்கள் பக்கம்தான். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், செகண்ட் ஒப்பீனியனை உரிமையாகவே வைத்திருக்கிறது. ஆவணங்களை வாங்கும்போது ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள். ஸ்கேன் படமோ சி.டி.யோ வேண்டும், பயாப்சி எடுத்திருந்தால் ஸ்லைடும் பிளாக்கும் வேண்டும். முதல் மருத்துவர் எழுதிய வரியை மட்டும் படிக்கிறவர் தானே எதையும் பார்த்ததாகாது.

இரண்டு மருத்துவர்கள் சொல்வதும் வேறுபட்டால், நமக்குப் பிடித்த பதிலைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். இருவரிடமும் காரணம் கேளுங்கள். நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் மட்டும் கருத்துக் கேட்டு ஊர் சுற்றாதீர்கள். பக்கத்து அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடுத்தவர் கருத்து வரும்வரை தாங்களாக அதை நிறுத்தவே கூடாது. பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும்.

அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன், ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கி இன்னொருவரிடம் காட்டிவிடுங்கள்.