வாடகை பாக்கியா? பூட்டுப் போடாதீர்கள்!

5-ந் தேதி போயிற்று. 10-ந் தேதியும் போயிற்று. மாடியில் குடியிருப்பவர் செருப்பைக் கையில் எடுத்துக் கொண்டு, சத்தம் இல்லாமல் படி இறங்குகிறார். கீழே வீட்டுக்கார அம்மாள் திண்ணையில் காத்துக் கொண்டு இருக்கிறார்.

"அடுத்த வாரம் கண்டிப்பாத் தந்துடறேம்மா!"

இது எத்தனையாவது "அடுத்த வாரம்" என்று அம்மாளுக்கே மறந்து விட்டது. கணவர் வைத்து விட்டுப் போனது அந்த வீடு ஒன்றுதான். மருந்துக் கடைக்கும் பால்காரருக்கும் மாடி வாடகையில் இருந்துதான் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் தெருவுக்கு ஓர் அம்மாள் இப்படி இருக்கிறார்.

கோபம் வந்தால் என்ன செய்யத் தோன்றும்? பியூஸ் கட்டையைப் பிடுங்கு, தண்ணீரை நிறுத்து, ஆள் இல்லாத நேரத்தில் பூட்டுப் போடு! அத்தனையும் தப்பு. மின்சாரத்தையும் தண்ணீரையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பாக்கிக்காரர் புகார்க்காரர் ஆகி விடுவார்!

பழைய தகராறு

முன்பு இருந்தது 1960-ம் ஆண்டுச் சட்டம். வாடகை தராதது மட்டும் போதாது. வேண்டும் என்றே தராமல் இருந்தார் என்று காட்ட வேண்டும். "வேண்டும் என்றே" என்றால் என்ன? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1985-ல் தீர்ப்பு வந்தது.

2017-ம் ஆண்டு புதுச் சட்டம் 22-2-2019 முதல் அமுலுக்கு வந்தது. இதில் பேச்சு ஒப்பந்தம் உதவாது. வாடகை, கெடு தேதி எல்லாவற்றையும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "தெரிந்த பையன்தானே" என்று எழுதாமல் விட்டவர்கள்தான் பிறகு வக்கீல் வீட்டுக்கு அலைகிறார்கள்.

ஒரு மாத கெடு

2 மாத வாடகை நின்று விட்டால், பாக்கியைக் கேட்டு நோட்டீசு கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பி, அதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துவது நல்லது. நோட்டீசு கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதும் வட்டியோடு வராவிட்டால், வாடகைக் கோர்ட்டில் வீட்டைக் காலி செய்து தரும்படி மனுப் போடலாம்.

கெடுவுக்குள் பணம் வந்து விட்டால்? காலி செய்யச் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சலுகை ஒரு தடவைதான். அதன் பிறகு ஒரே ஆண்டில் தொடர்ந்து 2 மாதம் பாக்கி வைத்தால், மறுபடியும் சலுகை கேட்க முடியாது.

"அட்வான்சில் கழித்துக் கொள்ளுங்கள்" என்பார் சிலர். சென்னையில் 10 மாத அட்வான்சு நெடுநாள் வழக்கம். புதுச் சட்டம் குறிப்பிடும் அளவோ 3 மாத வாடகை. அதிலும் கழித்து விட்டால், காலி செய்யும்போது உடைந்த கதவுக்கு யார் பணம் தருவார்கள்?

வாங்கும் பணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். பாதிப் பணம் என்றாலும் தேதி போட்டு, எந்த மாதத்து வாடகை என்று எழுத வேண்டும். கோர்ட்டில் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே அம்மாள் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.