கிருஷ்ணராஜபுரம் கேட்டும் கம்பிப் பாலமும்

பிரேசர் டவுனிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பஸ்ஸில் போய்வந்த நம் குடும்பங்களுக்குக் கிருஷ்ணராஜபுரம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய மெட்ராஸ் ரோடு, சென்னை செல்லும் ரயில் பாதையைக் கடந்த இடம் அது. ஒரு வண்டி போனதும் டிரைவர் இஞ்சினை உறுமவிடுவார். கேட் திறக்காது, எதிர்த்திசையில் இன்னொரு வண்டி வரும். சாம்பியன் ரீஃபில் என் அத்தை காலமான செய்தி கேட்டு ஓடியபோதும் அப்பாவும் நானும் அங்கே வெகுநேரம் நின்றோம். போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அங்கே பாலம் வருகிறது என்றதும், சொந்த வீடு கட்டுவதைப் போல் அப்பா அதை மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவார். துணைக்கு நான். கோபுரம் உயர உயர அவருக்கு ஒரே கவலை: "தண்டவாளத்துக்கு மேல தூணே இல்லையே, எப்படிடா நிக்கும்?"

தூண் இல்லாததுதான் சூட்சுமம். ஓடும் ரயில்களுக்கு நடுவே தூண் நடுவது எளிதல்ல. அதனால் கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கும் எஃகுக் கம்பிகள் பாலத்தின் தளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தராசுத் தட்டுகளைப் போல் ஒரு பக்கத்துப் பாரத்தை மறுபக்கம் ஈடு செய்ய, மொத்தச் சுமையும் கோபுரத்தின் வழியே பூமிக்குள் இறங்குகிறது. நாமெல்லோரும் "தொங்குபாலம்" என்கிறோம்; சரியான பெயர் அல்ல. தொங்குபாலத்தில் கோபுரங்களுக்கிடையே ஒரு பெரிய வடம் தொங்கும்; அந்த வடத்திலிருந்து தளம் தொங்கும். இங்கே ஒவ்வொரு கம்பியும் நேரே தளத்தைப் பிடிக்கிறது. கல்கத்தாவில் 1992இல் திறந்த வித்யாசாகர் சேது இதற்கு அண்ணன். அதன் நடு இடைவெளி மட்டும் 457 மீட்டர்!

இதற்கிடையில் 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அத்தை மகனுக்கும் வேலை போயிற்று. ஆயிரக்கணக்கான நம்மவரைப் போல் அவனும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்கு வரத் தொடங்கினான். பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கினால் எங்கள் வீடு பக்கம். சில நாள் காப்பி குடிக்க எட்டிப் பார்ப்பான். "மாமா, இன்னைக்குப் புதுசா ரெண்டு கம்பி ஏறியிருக்கு" என்பான். மேலிருந்து அப்பா பார்த்ததை அவன் கீழிருந்து பார்த்தான். "பாலம் முடியறதுக்குள்ள சுரங்கத்தை மூடிட்டாங்களே" என்று அப்பா முணுமுணுப்பார்.

2003இல் பாலம் திறந்தது. முதல் முறை அதன்மேல் போனபோது அப்பா கம்பிகளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஜன்னலில் குனிந்து, பழைய கேட் இருந்த இடத்தையே தேடினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம்கூட ஆகலை" என்றார். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை பேசவில்லை.

இப்போது அந்த நேரத்தையெல்லாம் பாலத்தின் இரு முனைகளிலும் நெரிசலில் கழிக்கிறோம், அது வேறு கதை. மெட்ரோவையும் அதே ரயில் பாதை விடவில்லை. ஒயிட்ஃபீல்டிலிருந்து கே.ஆர். புரம் வரை 2023 மார்ச்சில் ஓடத் தொடங்கிய வண்டி, பாதையைத் தாண்டிப் பையப்பனஹள்ளியைத் தொட அக்டோபர் ஆயிற்று. அத்தை மகன் இன்றும் ரயிலில்தான் வருகிறான். பாலத்தடியில் வண்டி நுழையும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பதை விடவில்லையாம்.