மோட்டார் எஞ்சினில் திரஸ்ட் பேரிங்கின் பணி

ஜோகூரிலிருந்து தேக்காவுக்குச் சாமான் வாங்க வருவோர் கடற்பாலத்தில் காத்துக் கிடப்பது புதிய செய்தியன்று. 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். ஆயினும் விடுமுறை நாட்களில் அதைக் கடக்க மணிக்கணக்காகும். அந்நேரம் முழுவதும் வண்டியை முதல் கியரில் வைத்து, கிளட்ச் மிதியை அழுத்தியபடியே இருக்கும் ஓட்டுநர்கள் பலர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தவன். வண்டி நிற்கும்போது எஞ்சினில் என்ன தேய்ந்துவிடப் போகிறது என்று எண்ணியிருந்தேன். ஒருநாள், பழுதுபார்ப்பவர் பிறைநிலா வடிவான மெல்லிய உலோகத் துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதுதான் திரஸ்ட் வாஷர். அதன் பணி யாது, அது ஏன் தேய்கிறது, அதைக் காப்பது எவ்வாறு என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

எஞ்சினில் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அவ்வியக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. இத்தண்டு வரிசையாக அமைந்த மெயின் பேரிங்குகளில் தங்கிச் சுழல்கிறது. பிஸ்டன்களின் அடி தண்டின் குறுக்கே விழுவதால் அதை மெயின் பேரிங்குகள் தாங்கிக்கொள்ளும். ஆனால், தண்டு தன் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்ந்துவிடாமல் தடுப்பது எது? மாட்டு வண்டிச் சக்கரம் அச்சைவிட்டுக் கழன்று ஓடாமல் கடையாணி தடுக்கின்றதன்றோ? ஏறக்குறைய அத்தகைய காவலே திரஸ்ட் பேரிங்கின் வேலை.

இது பெரும்பாலும் ஒரு மெயின் பேரிங்கின் இருபுறமும் வைக்கப்படும் அரைவட்ட வாஷர்களாக இருக்கும். சில எஞ்சின்களில் அந்தப் பேரிங்கோடு சேர்ந்த விளிம்பாகவே இருக்கும். எஃகுத் தகட்டின் மேல் மென்மையான உலோகக் கலவையைப் பூசி இதனைச் செய்கிறார்கள். விலையுயர்ந்த தண்டு தேய்வதற்குப் பதில் மலிவான வாஷர் தேயட்டும் என்பதே கருத்து. தண்டு முன்பின்னாக நகர, பொதுவாக 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடப்படும். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்று முதல் மூன்றின் கனம் என்று கொள்ளலாம்.

சரி, தண்டை நீளவாக்கில் தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது? முதன்மையாக நம் இடக்காலிலிருந்துதான்! கிளட்ச் மிதியை அழுத்தும்போது, ரிலீஸ் பேரிங் கிளட்ச் ஸ்பிரிங்கை எஞ்சின் பக்கமாகத் தள்ளுகிறது. கிளட்ச் பிளைவீலோடும், பிளைவீல் கிராங்க் தண்டோடும் முடுக்கப்பட்டவை. ஆகவே தண்டு முழுவதும் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. பள்ளியில் படித்த நெம்புகோல் தத்துவம் இங்கே வேலை செய்கிறது. கால் கொடுக்கும் சிறு விசை பல மடங்காகப் பெருகி, சிறிய காரிலேயே நூறு கிலோ எடைக்கு ஈடான அழுத்தமாகி வாஷரின் மேல் விழக்கூடும்.

அதைத் தாங்க உதவுவது எண்ணெய்ப் படலம். மெயின் பேரிங்கில் தண்டு சற்றே ஒரு பக்கம் ஒதுங்கிச் சுழல்வதால், எண்ணெய் ஆப்பு வடிவில் இடுக்கினுள் இழுக்கப்பட்டுத் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. திரஸ்ட் வாஷரோ தட்டையானது. இரு தட்டை முகங்களுக்கிடையே அத்தகைய ஆப்பு எளிதில் உண்டாவதில்லை. முகத்திலுள்ள வரிப்பள்ளங்களின் வழியே வரும் எண்ணெயே அதற்குத் துணை. வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடுவதால் எண்ணெயின் அழுத்தமும் குறைவு. அந்நிலையில் மிதியை அழுத்தியே வைத்திருந்தால் படலம் மெலிந்து, உலோகத்தோடு உலோகம் உராயும்.

சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்களிலும் திரஸ்ட் பேரிங் உண்டு. கப்பலின் சுழல்விசிறி நீரைப் பின்னே தள்ள, அதன் எதிர்விசையைத் தாங்கிக் கப்பலின் உடலுக்குத் தருவது அதுவே. ஆஸ்திரேலியப் பொறியாளர் மிச்செல் 1905இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், அதன் முகம் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் சற்றே சாயும்படி வைக்கப்பட்டது. அச்சாய்வினால் எண்ணெய் ஆப்பு தானே உண்டாகிறது. அமெரிக்கரான கிங்ஸ்பரியும் தனியே இவ்வழியைக் கண்டார். கப்பலின் பேரிங் ஓயாத தள்ளலைத் தாங்கவே செய்யப்பட்டது. காரின் வாஷர் கியர் மாற்றும் சில நொடிகளுக்கே போதுமானது. இவ்வேறுபாட்டை மறப்பதால்தான் கேடு விளைகிறது.

பழைய டிரையம்ப் கார் எஞ்சின்களில் இக்கேடு பெயர்பெற்றது. சென்னையில் 1961 முதல் 1971 வரை தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அத்தகைய எஞ்சின்களில் வாஷர் மிகவும் தேய்ந்தால், இடத்தைவிட்டு நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். பிறகு தண்டு எஞ்சின் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். புதிய வாஷரைப் பொருத்தும்போது, வரிப்பள்ளமுள்ள முகம் தண்டின் உராயும் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். மாற்றி வைத்தால் அது விரைவில் தேய்ந்துவிடும்.

நோய் முற்றுமுன் அறிகுறிகள் தோன்றும். கிளட்சை அழுத்தியதும் எஞ்சினின் ஒலி மாறலாம். ஒருவர் மிதியை அழுத்தி விட, எஞ்சினின் முன்புறக் கப்பி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், உடனே டயல் கேஜ் வைத்து அளக்கச் செய்ய வேண்டும். என் வண்டியில் ஒலி மாறியதைக் கேட்டும் நான் பொருட்படுத்தவில்லை. முடிவில் வாஷரோடு போகவேண்டிய செலவு எஞ்சினையே மாற்றும் செலவாயிற்று.

சிங்கப்பூரில் இன்று பெரும்பாலான கார்கள் தானியங்கி கியர் உடையவை. அவற்றில் கிளட்ச் மிதி இல்லை. ஆனால் கையால் கியர் மாற்றும் வேன், லாரிகளைப் பிழைப்புக்காக ஓட்டும் நம்மவர் பலர். அவர்கள் செய்யவேண்டியது எளிது. சிவப்பு விளக்கிலும் நெரிசலிலும் வண்டி நின்றால், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கைப் போட்டு, இடக்காலை மிதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஓடும்போதும் காலை மிதியின்மேல் சும்மா வைத்திருத்தல் கூடாது. காசு செலவில்லாத இப்பழக்கத்தை நான் காலந்தாழ்த்திக் கற்றேன். வாசகர்கள் இன்றே கைக்கொள்வார்களாக.