முதல் படம் எது?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் வீட்டிலிருந்தே ஆரி ஒர்க் பிளவுஸ் தைத்து, இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடிக்கும் சகோதரிகளே! 2024 முதல் ஒரே பதிவில் 20 படம் வரை போடலாம். ஆனால், கண்ணில் படுவது முதல் படம்தான். எனவே, முழு பிளவுஸ் முதலில் வரட்டும். அடுத்து கழுத்து வேலைப்பாடு. முதல் படத்தைத் தாண்டிப் போனவர்களுக்கு இரண்டாவது படம் காட்டப்படுவதும் உண்டு. பிறகு கை, முதுகு, உள்பக்கத் தையல். கடைசியில் விலை, நாள் கணக்கு. நீங்கள் தொடும் வரிசையில்தான் 1, 2, 3 என்று எண் விழும். மாறிவிட்டால், பதிவிடும் முன்பே படத்தை அழுத்திப் பிடித்து நகர்த்திடலாம். உள்பக்கத் தையலை மட்டும் மறைச்சுடாதீங்க. கல்யாண பிளவுஸுக்கு முன்பணம் அனுப்பறவங்க நம்ம முகத்தைப் பார்த்ததில்லை, படத்தைத்தானே நம்பறாங்க!

– ஒரு வாசகி, அம்பத்தூர்.