பழைய காது மிஷினா? பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

மதுரை ஒத்தக்கடை, நரசிங்கம், யா.கொடிக்குளம் பக்கம் காது மந்தமான பெரியவர்கள் பலரிடமும் இதே கதைதான். தெரிந்தவர் மூலமாகப் பழைய காது மிஷின் வந்தது, பாதி விலை, மாட்டியதும் சத்தம் கேட்டது, பணத்தைக் கொடுத்தாயிற்று. சில நாளில் மிஷின் அலமாரிக்குப் போய்விடுகிறது. கேட்டால், "ஒரே விசில் சத்தம், தலைவலி" என்கிறார்கள். வாங்கிப் பார்த்தால், காதுக்குள் வைக்கும் அச்சு முந்தைய ஆளுக்கு எடுத்தது. குழாயில் அவருடைய குறும்பி காய்ந்து கிடக்கிறது. பில் மட்டும் யாரிடமும் இல்லை.

சத்தம் கேட்பது வேறு, பேச்சு விளங்குவது வேறு. அடுத்தவர் பவருக்குச் செய்த கண்ணாடியை யாராவது போட்டுக்கொள்வார்களா? டிஜிட்டல் மிஷினை உங்கள் ஆடியோகிராம் (கேட்புத்திறன் சோதனை வரைபடம்) பார்த்து, கணினியில் இணைத்து, உங்கள் காதுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். அளவுக்கு மீறிய சத்தம் மிச்சமிருக்கும் கேட்புத்திறனையும் கெடுக்கும். அச்சும் புதிதாக எடுத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் விசில் நிற்காது, சீழும் பிடிக்கலாம்.

பழசுக்குப் பணம் கட்டும் முன், இலவசமாகப் புதுசு கிடைக்குமா என்று பாருங்கள். அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுங்கள். இரண்டு காதிலும் குறைபாடு 60 டெசிபலுக்குக் குறையாமல் இருந்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நீங்கள் செவித்திறன் குறையுடையவர். ஆதார், புகைப்படத்தோடு இ-சேவை மையத்தில் தேசிய அடையாள அட்டைக்குப் பதியுங்கள். மருத்துவக் குழு 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று தந்தால், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவி கேட்டு மனுக் கொடுங்கள். அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, ஆடியோகிராம் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். "அப்புறம் வாங்க" என்பதையே பதிலாக வைத்திருக்கும் மேசைகள் உண்டு. அங்கே வாதாடிப் பயனில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைப் பதிவு செய்து எண் வாங்குங்கள்.

சதவீதம் எட்டாதவர்கள், சொந்தப் பணத்தில் பழசுதான் வாங்க முடியும் என்பவர்கள், கீழே உள்ளதை விடாமல் செய்யுங்கள்.

மிஷினைப் பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். மிஷினில் உள்ள வரிசை எண்ணைக் குறித்து, அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அது எத்தனை வருடப் பழசு, உதிரிபாகம் கிடைக்குமா, வேறு இடத்தில் அமைக்க முடியாதபடி பூட்டப்பட்டதா என்று விசாரியுங்கள். பில்லில் மாடல், வரிசை எண், உத்தரவாத மாதங்கள், "புதுப்பிக்கப்பட்டது" என்ற சொல் எல்லாம் இருக்க வேண்டும். "காது மிஷின் - 1" என்று எழுதிய துண்டுச்சீட்டு பில் ஆகாது. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது. "வரி மிச்சம், பில் வேண்டாமே" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

புதுப்பித்த பொருளைப் புதுசு என்று விற்பதும், பில் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைகள். ஏமாந்தால் முதலில் விற்றவருக்கு எழுத்தில் கடிதம் அனுப்பி, நகலையும் அஞ்சல் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அப்படியும் வழிக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். உயர் நீதிமன்றக் கிளையை ஊருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, "கோர்ட்டுக்கெல்லாம் யார் போவது" என்று பணத்தை விட்டுவிடுகிறோம்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: மிஷினின் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: முதலில் ஆடியோகிராம், பிறகு அரசு அலுவலகம், கடைசியில்தான் கடை. கடையில் பில் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.